எங்கள் முற்றத்துப் பெண் பேரீச்சை

நோன்பு துறக்கையில் சாப்பிட்ட பேரீச்சம்பழத்தின் விதையொன்றை, முசலியில் நாங்கள் வீடு கட்டிய புதிதில் கிணற்றடியில் ஊன்றினேன். அது மரமாகி முதற்பாளை வெடித்தபோது அயலையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். பிஞ்சுகள் மிளகளவில் நின்று சுருங்கி உதிர்ந்தன. அடுத்த வருடமும் அதே கதை.

"இது காய்க்காது. வெட்டிப்போட்டு அந்த இடத்தில தண்ணித் தாங்கி வைப்பம்," என்றார் என் கணவர்.

எனக்கு மனம் வரவில்லை. பாளையை இழுத்துப் பார்த்தேன். குட்டி மஞ்சள் மணிகள்தான். உதறினாலும் மகரந்தத் தூள் கொட்டவில்லை. பனையில் ஆண் வேறு, பெண் வேறு. இதுவும் அப்படித்தானோ? என்னுடையது பெண் என்றால் ஆண் எங்கே?

கடற்கரை ஊரான அரிப்புக்கு மீன் வாங்கப் போகும் வழியில் ஒரு வளவுக்குள் பேரீச்சை நிற்பது நினைவுக்கு வந்தது. மறுநாளே போய்ப் படலையைத் தட்டினேன். கழுத்தில் செபமாலையோடு ஒரு அக்கா வந்தார்.

"அக்கா, உங்கட பேரீச்சை காய்க்கிறதோ?"

"எங்க காய்க்குது! பூத்தால் கோதுமை மா மாதிரித் தூள் கொட்டும். எனக்குத் தும்மல்தான் மிச்சம். ஏன் கேக்கிறீங்கள்?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அந்த மாதான் அக்கா எனக்கு வேணும்!"

விசயத்தைச் சொன்னதும் அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அடுத்த முறை பூத்தவுடன், பாளையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். அவர் கதிரையைப் பிடிக்க, நான் ஏறி ஆண் பூங்கொத்துகளைப் பெண் பாளைக்குள் தலைகீழாகச் செருகிக் கட்டினேன். எங்கள் காற்று தூளை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று மேலே ஒரு பழைய சீலைத் துண்டையும் சுற்றினோம். அக்கா தும்மித் தீர்த்தார்.

இந்தத் தடவை பிஞ்சுகள் உதிரவில்லை. பருத்தன, மஞ்சளாயின, குலை பாரத்தில் தொங்கியது. முதற்பழத்தைக் கணவரின் வாயில் வைத்தேன். மென்றுவிட்டு, "தாங்கியைக் குசினிப் பக்கம் வைப்பம்," என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

அக்காவுக்கும் காய்க்கிற மரமொன்று வேண்டுமாம். விதை போட்டால் ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம், பழமும் வேறாகலாம். அடியில் முளைத்த பக்கக்கன்று அப்படியில்லை, தாயேதான். வேரோடு பெயர்த்துக் கொடுத்தேன்.

அதுவும் இப்போது காய்க்கிறது. இந்த வருடம் அவர் கொண்டுவந்த குலை, என்னுடையதைவிடப் பெரிது.