சவலை என்ற பெயர்

ஜீவமணிக்குப் பதின்மூன்று வயது. அடுத்த பிள்ளை சீக்கிரமே பிறந்துவிட்டதால் அவளுக்குத் தாய்ப்பால் பாதியில் நின்றது. அன்றைக்கு வந்த பெயர் சவலை. உடம்பு தேறிவிட்டது, பெயர் போகவில்லை. தூத்துக்குடி வீட்டில் அவளுக்கென்று ஒரு சின்னக் குடம் தனியாக இருந்தது.

ஒன்பதாம் வகுப்புக்குச் சாயர்புரம் ஹாஸ்டலில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை.

"சவலைக்கு ஹாஸ்டல் சோறு தாங்குமா?" என்று அம்மா அற்புதமணி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

எழுபத்துநாலாம் வருஷம் பள்ளிக்கூடத்துச் சாரணியரை ஆலந்தலைக் கடற்கரைக்கு முகாம் கூட்டிப்போனார்கள். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா செல்வதுரை, அம்மாவைக் கேட்காமலே சரி என்று சொல்லியிருந்தார். கூட வந்த பிள்ளைகளுக்கு அவளுடைய வீட்டுப் பெயர் தெரியாது. கூடாரத்துக்கு முளை அடிக்கச் சொன்னார்கள், அடித்தாள்.

ஒருநாள் காலையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் சிலுவை சத்தம் போட்டார். "சும்மா மீன் கிடையாது பிள்ளைகளா, வந்து கயிறைப் பிடிங்க!"

அலை பின்வாங்கியதும் வலை கடலுக்குள் இழுத்தது. மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட்டு மணலில் விழுந்து சிரித்தார்கள். ஜீவமணி மட்டும் நின்றாள்.

"ஏளா, நீ என்ன நங்கூரமா? உன்னய வள்ளத்துல கட்டிப் போடலாம் போலிருக்கே!" என்றார் சிலுவை.

நங்கூரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கயிற்றைக் கையில் சுற்றியிருந்தாள், அதனால் விட முடியவில்லை. அப்படிச் சுற்றவே கூடாது, விரல் போய்விடும். மறுநாள் சுற்றாமல் பிடித்தாள். அன்றும் விடவில்லை. சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை. உள்ளங்கை மரத்திருந்தது, மனசும் ஏறக்குறைய அப்படித்தான். மழை தூறுகிறது என்று கவனிப்பதைப் போல, நம்மால் முடிகிறது என்று கவனித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிய குடத்தைத் தெருக்குழாயில் நிரப்பி இடுப்பில் வைத்து வந்தாள்.

"ஏளா சவலை, கீழ வை! இடுப்பு முறிஞ்சிரும்!" என்று அம்மா கத்தினாள்.

தொட்டியில் ஊற்றிவிட்டு மறுபடியும் போனாள். தொட்டி நிரம்பியது.

"இப்ப ஹாஸ்டலுக்கு அனுப்புவியாம்மா?"

அற்புதமணி தொட்டியைப் பார்த்தாள். "இம்புட்டுப் பலத்தையும் வச்சுக்கிட்டு சாயர்புரத்துல போய் உக்காரப் போறியாக்கும்? இங்கன வேலை கிடக்கு."

அப்பா பேப்பரை மடித்துவிட்டு எழுந்து போனார்.

ஜூனில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம்தான். அவள் அழவில்லை. தண்ணீர் எடுப்பது அவள் வேலை என்றாயிற்று. சின்னக் குடம் தம்பிக்குப் போனது.

ஒருநாள் அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சவலை!"

ஜீவமணி வாசலில் நின்றபடியே இருந்தாள்.

"ஏளா சவலை, காது அடைச்சிருக்கா?"

அவள் திரும்பவில்லை. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"ஜீவமணி."

"என்னம்மா?" என்று உள்ளே போனாள்.