ஸபீரா அக்கா கொடுத்த வாக்கு

ஸபீரா அக்காவுக்குத் தொழில் ஒன்று, கடமை ஒன்று. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தில், என் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கிறார். தொழில், வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பது. அதே ஏஜென்சியில்தான் நானும் வேலை செய்கிறேன். கடமை, பெண்கள் மௌத்தானால் அடக்குவதற்கு முன் பள்ளிவாசலில் மையித்தைக் குளிப்பாட்டுவது. போன் வந்தால் அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே வெளிக்கிட்டுவிடுவார்.

நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். செத்த வீட்டில் செபமாலையோடு பின்வரிசையில் இருக்கத்தான் எனக்குத் தெரியும். பிரேதத்தைத் தொடுவதை நினைத்தாலே கை குளிர்ந்துவிடும்.

"எப்பிடியக்கா உங்களுக்கு மனம் வருது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தொண்ணூறிலை யாழ்ப்பாணத்தாலை முஸ்லிம் சனம் எல்லாத்தையும் கலைச்சாப் பிறகு புத்தளத்திலை முகாமிலை இருந்தனாங்கள், மலர். உம்மா அங்கைதான் மௌத்தானவ. அண்டைக்குத் தண்ணி பவுசர் லொறி வரேல்லை. அரை வாளித் தண்ணியிலை அவவை அனுப்பினம்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அக்கா கடைசியாகப் பராமரித்தவர் ஹெல்மி. எண்பது தாண்டிய கிழவி. ரொறன்ரோவிலிருந்து வடக்கே நாலு மணித்தியாலம் கார் ஓடினால் ஓர் ஏரி வரும். பின்லாந்திலிருந்து வந்த சில குடும்பங்கள் அந்தக் கரையில் காடு வெட்டிக் குடியேறியிருந்தன. ஹெல்மியின் அப்பா அங்கே முதலில் கட்டியது வீடு அல்ல, சவுனா. முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் கொத்திப் பூட்டி, இடைவெளிகளில் பாசி அடைத்துக் கட்டிய சின்ன அறை. உள்ளே ஒரு விறகடுப்பு, அதன்மேல் கற்கள், சுவரோரம் ஆள் படுக்கக்கூடிய நீளமான மரவாங்கு. கல் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறையை நிறைக்கும். வீடு எழும்பும்வரை குடும்பம் அதற்குள்தான் படுத்தது. வெந்நீரும் சுத்தமும் உள்ள இடம் அதுதான் என்பதால் பிள்ளை பெறுவதும் அங்கே, செத்தவரைக் கழுவுவதும் அங்கே. ஹெல்மியும் அந்த வாங்கில்தான் பிறந்தார்.

ஹெல்மி குளிர்காலத்தை ரொறன்ரோவில் கழித்துவிட்டுக் கோடைக்கு அங்கே போவார்; கோடை முழுவதும் அக்காவும் அவரோடு ஏரிக்கரையில் இருப்பார். "உடுப்பில்லாமல் குந்தியிருந்து வேர்க்க என்னாலை ஏலாது" என்று முதலில் மறுத்தாராம். மார்புக்கு மேல் குறுக்குக்கட்டோடு வந்தால் போதும் என்று ஹெல்மி சொன்ன பிறகு போனார். பிறகு சவுனா மூட்டுகிற ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

"அங்கை ஆரும் சத்தம் போடுறேல்லை. தொழுகைக்கு இருக்கிற மாதிரி இருக்கினம்" என்றார் என்னிடம். ஸபீரா அக்கா ஒரு மணித்தியாலம் வாய் மூடி இருந்தார் என்பதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.

அக்காவின் கடமையை அறிந்ததும் ஹெல்மி ஒன்று கேட்டார். தன் தாயை அந்த வாங்கில் கிடத்தித் தானே கழுவினாராம். தனக்கு மகள் இல்லை. தெரியாத கைகள் தன்னைப் புரட்டுவதை நினைத்தால் சாவைவிட அதுவே பயமாக இருக்கிறது என்றார். நீ என்னை அங்கே வைத்துக் கழுவுவாயா? அக்கா ரொறன்ரோவுக்கு வந்து, வேற்று மதத்தவரைக் குளிப்பாட்டலாமா என்று மௌலவியிடம் கேட்டார். "குளிப்பாட்டலாம், தொழுகை வைக்கிறேல்லை" என்றார் அவர். அடுத்த சனிக்கிழமையே அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஹெல்மியின் மகன் காரி ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான விட்பியில் இருக்கிறான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். தாய்க்கு மருந்து, சாமான், எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் வந்தால் அறை வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போகிற ஆள். கட்டிலில் வந்து இருக்க மாட்டான். எனக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இந்த வாக்கைக் கேள்விப்பட்டதும், அம்மாவின் விருப்பம் அதுவென்றால் செய்யுங்கள், என்னைப் பக்கத்தில் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டான்.

இனி அக்காவின் கணவர் ரம்ஸீன் அண்ணையின் கதைக்கு வருகிறேன். பிறம்ரன் நகரில் புது வீடுகளுக்கு மரச்சட்டம் அடிக்கிற தச்சன். கெட்டிக்காரன், கை துடித்துக்கொண்டே இருக்கும். சவுனாவின் அடிமரங்கள் உக்கியதால் பக்கத்து வளவுக்காரர் அதைத் தூக்கி நிறுத்திப் பச்சை மரங்களை மாற்றியிருந்தார். பச்சை மரம் காயக் காயச் சுருங்கும், சுவர் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அதற்காகக் கதவு நிலைக்கு மேலே நாலு விரல் இடம் விட்டு, பாசி அடைத்து, ஒரு பலகையால் மூடியிருந்தார். போன வருட இலையுதிர் காலத்தில் அக்காவைக் கூட்டிவரப் போன ரம்ஸீன் அண்ணை பலகையைக் கழற்றிப் பார்த்தார். யாரோ அளவு பிழைத்துவிட்டான், குளிர் உள்ளே போகிறது, பாவம் கிழவி என்று நினைத்து, அந்த இடத்தில் மரக்கட்டையை இறுக்கி ஸ்க்ரூ அடித்து, பலகையைத் திரும்பப் பூட்டினார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான், சவுனாக் கதவடியைத் திருத்திவிட்டேன் என்று எங்களிடம் பெருமையடித்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

இந்த வருடம் ஹெல்மி ஏரிக்குப் போனபோதே எழும்ப முடியாத நிலை. சவுனாவை யாரும் மூட்டவில்லை, கதவையும் திறக்கவில்லை. கடைசிக் கிழமை அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். வெள்ளிக்கிழமை காலையில், அக்கா கையைப் பிடித்திருக்க, ஹெல்மியின் மூச்சு நின்றது. நேர்ஸ் வந்து உறுதி செய்தார். பிரேதத்தை எடுக்க வான் வண்டி பின்னேரம் வரும் என்று, முதல்நாள் இரவே வந்து சேர்ந்திருந்த காரி சொன்னான்.

அக்கா சவுனாவை ஆயத்தம் செய்யப் போனார். கதவு அசையவில்லை. காரி வந்து இழுத்தான். கைப்பிடிதான் கழன்று வந்தது. மேல்நிலை நடுவில் வளைந்து கதவைக் கவ்விக்கொண்டிருந்தது.

போதும், வீட்டுக்குள்ளேயே கழுவுங்கள், இல்லாவிட்டால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றான் காரி.

அக்கா அவனைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார், உன் அம்மா என்னிடம் கேட்டது இது ஒன்றுதான் என்று. அரை வாளித் தண்ணீரில் தாயை அனுப்பிய மனுஷி அவர். இதையும் கைவிட்டால் அவரால் தாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

காரி கொஞ்ச நேரம் நிலையையே பார்த்தான். தாத்தாவின் சவுனாவில் வளர்ந்தவன்தானே. மேல் பலகையைத் தட்டிப் பார்த்து, இது வெறுமையாக இருக்க வேண்டிய இடம், உள்ளே ஏதோ இருக்கிறது என்றான்.

"அக்கா, உங்கடை மனுசன் உதிலை ஏதோ செய்தவரெல்லோ?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா உடனே போனை எடுத்தார்.

"இஞ்சருங்கோ. சவுனாக் கதவுக்கு மேலை என்ன அடைச்சனீங்கள்?"

அந்தப் பக்கம் வேலைத்தளத்தின் சத்தம். பிறகு, "நான்தான்… கட்டை வைச்சு இறுக்கினனான். ஏன்?"

"ஹெல்மி போயிட்டா. கதவு திறபடேல்லை."

நானென்றால் அந்த இடத்திலேயே கிழித்திருப்பேன். அக்கா ஒரு வார்த்தை ஏசவில்லை. "ஸ்க்ரூ எங்கையெங்கை எண்டு சொல்லுங்கோ" என்றார் அவ்வளவுதான். அண்ணை அழுதழுது சொல்ல, அக்கா அதை ஆங்கிலத்தில் சொல்ல, காரி ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றினான். வராத ஸ்க்ரூவை வாளால் அறுத்தான். கடைசிக் கட்டை விழுந்ததும் மேல் மரங்கள் முறுகிக்கொண்டு ஒருதரம் இறங்கின. கதவு விடுபட்டது.

"நான் இப்ப வெளிக்கிட்டு வாறன்" என்றார் அண்ணை.

"வேண்டாம். நீங்க வந்து சேர எல்லாம் முடிஞ்சிடும். துஆ செய்யுங்கோ."

அளவாக நெருப்பு மூட்டினோம். போர்வையின் மூலைகளைப் பிடித்து மூவருமாக ஹெல்மியைக் கொண்டுபோய் வாங்கில் கிடத்தினோம். காரி உடனே வெளியே போய்விட்டான். ஏரியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு, உள்ளே பார்க்காமல், வாசலில் வைத்துக்கொண்டிருந்தான். நான் கலந்து கொடுக்க, அக்கா வெள்ளைத் துணியால் மூடி, துணிக்குக் கீழேயே கை விட்டுக் கழுவினார். வலது பக்கம் முதலில். ஒவ்வொன்றையும் ஹெல்மிக்குச் சொல்லிச் சொல்லிச் செய்தார், இப்போது தோளைத் தூக்குகிறேன், இப்போது தலைமுடி என்று. என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கன்னத்தால் கண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது.

முடியப்போகிற நேரம் வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. ஆனால் காரி திரும்பிப் போகவில்லை.

நான் உள்ளே வரலாமா என்று கேட்டான்.

பெண்ணைக் குளிப்பாட்டுகிற இடத்தில் ஆணை விடுவது அக்காவின் வழக்கத்தில் இல்லை, மகனென்றாலும். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அக்கா துணியைக் கழுத்திலிருந்து பாதம்வரை இழுத்துச் சரிசெய்தார். பிறகு தலையசைத்தார்.

காரி குனிந்து உள்ளே வந்தான். அம்மாவைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று யோசித்துக்கொண்டே தண்ணீர் தூக்கினேன், ஞாபகம் வரவில்லை என்றான்.

அக்கா துணிக்குக் கீழிருந்து ஹெல்மியின் வலது கையை எடுத்து அவன் கையில் வைத்தார். ஊற்றுவதற்குக் கோப்பையையும் நீட்டினார். அவன் கோப்பையை வாங்கவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி வாங்கின் ஓரத்தில் இருந்துவிட்டான்.

வெளியே கார்ப்பாதையில் டயர்ச் சத்தம் கேட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"மலர், வான்காரரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லு."