பல் டாக்டர் கடிகாரம் பார்க்கிறார்

முதலில் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு மோதிரம், கழுத்துச் சங்கிலி, சட்டைப் பையிலிருந்த பேனா. எல்லாம் ஒவ்வொன்றாக மனைவியின் மடியில் போய்ச் சேர்ந்தன. பட்டப்பகலில், கடிகாரக் கடையின் நடுவில் நின்று பேன்ட்டை இடுப்புக்குத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இந்த அறுபது வயதுப் பல் டாக்டரைப் புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. உடம்பில் இருக்கும் எந்த உலோகமும் கடிகாரத்தில் உரசிவிடக் கூடாது என்பது அவர் கட்சி.

“கல்யாணத்தன்னைக்கு என் கையைக்கூட இவ்வளவு பதமா பிடிக்கலை,” என்றார் மனைவி, பெல்ட்டைச் சுருட்டியபடி.

“உனக்குக் கீறல் விழுந்தா ஆறிடும்.”

கடையில் தரும் வெள்ளைத் துணிக் கையுறையை அவர் தொடமாட்டார். அதைப் போட்டுக்கொண்டு சாவி கொடுப்பது கம்பளிக்கு மேல் சொறிந்துகொள்வது போலாம். கிளினிக்கிலிருந்து மெல்லிய ரப்பர் கையுறை கொண்டுவருவார். கடிகாரம் கைக்கு வந்ததும் பார்க்கமாட்டார், கண்ணை மூடிக்கொண்டு காதில் வைப்பார். அடுத்து, பத்துச் சுற்று சாவி. லென்ஸைக் கண்ணில் மாட்டுவது கடைசியில்தான். அப்போது வாய் தானாகப் பேச ஆரம்பித்துவிடும். “ஆ காட்டு… அவ்வளவுதான்… வலிக்காது.” ஒருமுறை “இன்னும் கொஞ்சம்” என்றபோது பக்கத்தில் நின்ற எங்கள் மேனேஜர் வாயைத் திறந்துவிட்டார்.

அவரிடம் பதினொரு கடிகாரங்கள். பதினொன்றும் முறைவைத்து அவரோடு வேலைக்குப் போகின்றன. ஒன்றின் தோல் வாரில் ஒரு சிறுமியின் பல் தடம் இருக்கிறது. மாற்றித் தருகிறேன் என்று நான் சொன்னபோது மறுத்துவிட்டார். “நல்ல கடிம்மா. வரிசையைப் பாரு, எவ்வளவு அழகு.”

நான் இயற்பியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவுக்கு நேரம் என்பது தொழிற்சாலைச் சங்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சுருள்வில்லைப் பற்றிப் படித்ததெல்லாம் பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளை விற்பதற்குத்தானா என்று தினமும் கேட்டுக்கொள்வேன். இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். டாக்டர் வருகிற நாட்களில் மட்டும் கேட்க மறந்துவிடுகிறேன்.

அன்று வந்திருந்தது, அவர் மூன்று வருடமாகக் காத்திருந்த கடிகாரம். கையால் சாவி கொடுப்பது. எங்கள் கடைக்கு ஒன்றே ஒன்றுதான், இன்னொன்று வராது. பட்டியலில் டாக்டர் இரண்டாவது. முதல் பெயர் ஒரு சிமென்ட் வியாபாரி. அவருடைய நாற்பது கடிகாரங்களும் வங்கியில் தூங்குவதால் சேகரிப்பாளர்கள் அவரை ‘லாக்கர்’ என்றே கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. மற்றவர்களும் தொட்டுப் பார்க்கட்டும் என்று அவர் தாராளமாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: பின்பக்கக் கண்ணாடியில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் தாள் பிரியக் கூடாது. பிரித்தால் அது அவருக்குப் பழைய கடிகாரம். அவரும் இன்னும் இரண்டு சேகரிப்பாளர்களும் அன்று கடை சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் இதை எல்லோரிடமும் மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் தட்டை என் கையில் கொடுத்தார்.

டாக்டர் காதில் வைத்தார். சாவி கொடுத்தார். லென்ஸை மாட்டிக்கொண்டு திருப்பினார். கண்ணாடிக்குள் ஆடும் சக்கரத்துக்குச் சரியாக மேலே, தாளுக்கு அடியில் ஒரு காற்றுக் குமிழி. தாளின் ஒரு மூலை லேசாகத் தூக்கியிருந்தது. ஒரு நாளைக்கு முப்பது முறை, நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல், சுத்தம் செய்த கருவிகளின் உறையை மூலையைப் பிடித்துக் கிழிக்கிற கை அது. கையுறை வேறு போட்டிருந்தது. சர்ரென்று ஒரு சத்தம்.

முழுத் தாளும் அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

“நான் பிரிச்சிட்டேன்,” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

லாக்கர் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். “பிரிச்ச சாமானை நான் எடுக்கறதில்ல. நீங்களே வச்சுக்குங்க டாக்டரே. நல்லாத்தான் யோசிச்சிருக்கீங்க.”

மற்ற இரண்டு சேகரிப்பாளர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைகூடக் குலுக்கப் போனார். மேனேஜர் அதற்குள் பட்டியலில் இரண்டாவது பெயருக்கு விரலை நகர்த்திவிட்டார், யார் வாங்கினாலும் கடைக்கு வரும் பணம் ஒன்றுதான். டாக்டரின் காது மடல் சிவந்திருந்தது. மூன்று வருட ஆசை கையிலேயே இருந்தது, வேண்டாம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வாங்கியிருப்பேன். யோசித்துப் பார்த்தால், இன்றும் அப்படித்தான் செய்வேன்.

அவர் லாக்கரைப் பார்த்து, “கையை நீட்டுங்க,” என்றார்.

“எதுக்கு?”

“அஞ்சு நிமிஷம் கட்டிப் பாருங்க. அப்பவும் வேண்டாம்னா நான் எடுத்துக்கறேன். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.”

லாக்கர் முடியாது என்றார். தனக்கு அந்தப் பழக்கமே இல்லை என்றார். சொல்லிக்கொண்டே முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். நாற்பது கடிகாரங்களுக்குச் சொந்தமான அந்த மணிக்கட்டில் வார் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. டாக்டர் கட்டிவிட்டார். இரண்டாவது துளை இறுக்கியது, மூன்றாவதுக்கு மாற்றினார்.

லாக்கர் கையை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு காதருகே கொண்டுபோனார். ஐந்து நிமிடம் முடிந்தும் கையை இறக்கவில்லை.

“இது இப்படியா சத்தம் போடும்?”

“எல்லாமே போடும். உங்க லாக்கர்ல இருக்கறதும்தான்.”

பில் யார் பெயரில் என்று மேனேஜர் மெதுவாகக் கேட்டார். லாக்கர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. தரையைப் பார்த்தபடி, தன் பெயரிலேயே போடச் சொன்னார். டாக்டரின் மனைவி கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லாக்கர் சட்டைக் கையை இறக்கி, கடிகாரத்தை மூடிப் பொத்தானைப் போடப் போனார். டாக்டர் ரப்பர் கையுறையை உருவி எறிந்தார். அந்தச் சட்டைக் கையை அவரிடமிருந்து வாங்கி, முழங்கை வரைக்கும் இரண்டு மடிப்பாக, சுருக்கமில்லாமல் மடித்துவிட்டார்.