பருந்துக்குப் போன சாப்பாடு

தம்பி தங்கை என்று யாரும் இல்லாமல் வளர்ந்த எனக்குப் பொறாமை என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தது ஒரு பருந்துக் குஞ்சு.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் செய்தார்கள். எங்கள் வீட்டிலேயே இருந்த அம்மாவின் தம்பி, என் மாமாவும் கோடாரியோடு கரியாலூர் சாலைக்குப் போனார். மலையடிவாரத்தில் அவர்கள் சாய்த்த மரத்தில் குடுமிப் பருந்தின் கூடு இருந்திருக்கிறது. அடர்ந்த காட்டுக்குள் வாழும் பறவை அது. ஊருக்கு மேலே வட்டமடிக்கும் பருந்து வேறு இனம். மரத்தை வெட்டிய மாமாவே குஞ்சைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

அன்றோடு என் ராஜ்ஜியம் போயிற்று. கோழி அடித்தால் ஈரல் எனக்குத்தான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அது குஞ்சுக்குப் போனது. என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கடைக்குக் கூட்டிப்போகும் மாமா, ஓணான் பிடிக்க வேலியோரம் அலைந்தார். எந்நேரமும் முறைத்துக்கொண்டிருந்த அதனிடம் அப்படி என்ன கண்டார் என்று எனக்கு வயிறெரிந்தது. "உனக்குத் தம்பி வந்துட்டான்டி" என்று அம்மா வேறு சீண்டினாள்.

ஒருநாள் ஊருக்குள் போலீஸ் வேன் வந்தது. ஆண்கள் சிதறி ஓடினார்கள். மாமாவையும் காணோம், குஞ்சையும் காணோம். மாமா வெளியூர் போயிருப்பதாகவும், பருந்து கரும்புக் கொல்லையில் இருப்பதாகவும் அம்மா சொன்னாள். அதன்பிறகு தினமும் மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் தூக்குவாளியில் கொல்லைக்குப் போயின. யாருக்கு என்று கேட்டால் "பருந்துக்கு" என்பாள். எனக்கு ரசம். மாமாவே ஊரில் இல்லாதபோதும் அதற்கு இந்த உபசாரமா என்று ஆத்திரமாக வந்தது.

அப்படி அவள் கிளம்பிய ஒருநாள், வயதான போலீஸ்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"உன் தம்பி எங்கம்மா?"

"வெளியூர் போயிருக்குதுங்க."

"தூக்குல இன்னா? யாருக்கு?"

அம்மா தூக்குவாளியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இத்தனை நாள் கேட்க நாதியில்லாத என் வழக்குக்கு ஆள் கிடைத்துவிட்டார் என்று நான் முன்னால் ஓடினேன்.

"பருந்துக்கு சார்! கொல்லையில கீது. டெய்லி அதுக்கு முட்ட. எனக்கு ஒண்ணுகூட இல்ல சார்!"

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். பிடியில் கட்டியிருந்த துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு கட்டு பீடியும் தீப்பெட்டியும் இருந்தன. விளையாடத் தீப்பெட்டிகூடவா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் முடிச்சை முன்போலவே போட்டார். கரும்புக் கொல்லைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"நாளைக்குக் காலையில ஜாஸ்தி பேர் வருவோம். அதுக்குள்ள பருந்த மலைக்குப் போயிடச் சொல்லு."

போலீஸே பருந்தை விரட்டிவிட்டது! அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் போலீஸார் கொல்லையைச் சல்லடை போட்டுத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். மத்தியானம் அவித்த முட்டை என் தட்டில் இருந்தது. அம்மா மலைப்பக்கம் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். போயும் போயும் ஒரு பருந்துக்காக இப்படி அழுகிறாளே, எனக்காக ஒருநாளாவது அழுதிருப்பாளா என்று, முட்டையைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.