மிளகாய் மில்லுக்குப் பக்கத்து வீடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதுளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு மட்டக்களப்புக் கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, இடமாற்றம் வந்தது. நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. போகாதே என்று சொல்லாதவர்கள் எங்கள் உறவில் யாருமே இல்லை. ஆனால் அரசாங்க வேலையை விட்டுவிட்டு என்ன செய்வது? இரண்டு சூட்கேஸ், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மா கட்டித் தந்த ஒரு பை உருளைக்கிழங்கு, இவற்றோடு பஸ் ஏறினோம். வழியில் இருந்த சோதனைச் சாவடிகளில் எல்லாம் அந்த உருளைக்கிழங்குகள் இறங்கி ஏறின. மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தபோது அவை எங்களைவிடக் களைத்துப்போயிருந்தன.

கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையைத் தற்காலிகமாகத் தந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை குடும்பம் வருவதாக இருந்தது. அதற்குள் நாங்கள் வீடு பார்த்தாக வேண்டும்.

புதிய ஊரில் எந்தப் பக்கம் வாடகைக்கு வீடு எடுப்பது என்று நாலு பேரிடம் விசாரிப்பதுதானே வழக்கம். நாங்களும் விசாரித்தோம். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

"ஆமிக் காம்புக்குப் பக்கத்தில மட்டும் எடுத்திராதீங்க. அவங்க அடிச்சா இவங்க அடிப்பாங்க, நடுவில உங்கட ஓடுதான் உடையும்" என்றார் நண்பர்.

"காம்புக்குத் தூரமா எடுத்தா சுத்திவளைப்பு. விடிஞ்சா உங்கட முத்தத்திலதான் நிப்பாங்க" என்றார் அவருடைய மனைவி.

பெரிய வீதியில் எடுத்தால் கண்ணிவெடி, ஒழுங்கைக்குள் எடுத்தால் அவசரத்துக்கு வாகனம் வராது என்றார் இன்னொருவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தேநீர் ஆற்றிய கடைக்காரர், "அப்ப ஆத்துக்குள்ள தோணியிலதான் குடியிருக்கணும்" என்றார். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். என் கணவர் எதையும் நேரடியாகவே எடுத்துக்கொள்கிற மனிதர். பொழுது பட்ட பிறகு தோணி விட அனுமதி உண்டா என்று கேட்டார். கடைக்காரர் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தார்.

கணவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. ஆஸ்பத்திரி இருக்கிற பக்கத்தில் வீடு வேண்டும். ஆஸ்பத்திரி நகரப் பக்கம். வாவிக்கு அப்பால், கல்லடிப் பக்கம் போக வேண்டுமென்றால் பாலம் கடக்க வேண்டும். இருட்டினால் பாலத்தில் போக்குவரத்து நின்றுவிடும். நோவு வந்த நேரத்தில் பாலத்தடியில் நிற்க முடியாது என்பது அவருடைய கணக்கு. நியாயமான கணக்குத்தான்.

நகரப் பக்கத்தில் முதலில் பார்த்த வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தன. படுக்கையறைச் சுவரில் மட்டும் ஒரு பெரிய கலண்டர், ஏதோ ஒரு பழைய வருடத்துடையது. கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். பின்னால் ஒரு தேங்காய் நுழையக்கூடிய துவாரம். வீட்டுக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "காத்து வரும்" என்றார். இரண்டாவது வீட்டுக்கு முன்னால் இராணுவ முகாம். அதன் தேடுவிளக்கு இரவில் நேராகக் குசினி அடுப்பின் மேலேயே விழுமாம். லைட் பில் மிச்சம் என்று அந்த வீட்டுக்காரர் அதையும் ஒரு வசதியாகவே சொன்னார்.

ஒவ்வோர் இடத்திலும் என் கணவர் அக்கறையோடு விசாரித்தார். முகாம் எவ்வளவு தூரம்? இந்த ஒழுங்கை எங்கே போய் முடிகிறது? ரோந்து எத்தனை மணிக்கு வரும்? பாலத்தடியில் காவல் நின்ற சிப்பாயிடமே போய், பாலத்தை எப்போது மூடுவீர்கள், அவசரம் என்றால் திறப்பீர்களா என்று கேட்டுவிட்டு வந்தார். பதுளைக்காரர்கள் என்பதால் எங்கள் இருவருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். சரளமாகவே கேட்டார். வீடு தேடுகிற ஒருவன் கேட்கிற கேள்விகள்தான். வேறு எந்த மாதிரி ஆட்கள் இதே கேள்விகளைக் கேட்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை. நண்பரின் மனைவிக்குச் சட்டை தைக்கும் ஒரு பெண்மணி கல்லடியில் தன் வீட்டின் பாதியை வாடகைக்குக் கொடுப்பதாக இருந்தார். வேறு வழியில்லாமல் பார்த்துவிட்டு வரலாம் என்று பாலம் கடந்தோம்.

மணல் ஒழுங்கை, இரண்டு பக்கமும் தென்னோலைக் கிடுகு வேலி. அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே மிளகாய் அரைக்கும் மில். வேலிப் படலையைத் திறந்தவுடன் தும்மத் தொடங்கினேன். கடைசிவரை தும்மல் நிற்கவில்லை. தையல்கார அக்காவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய கணவர் கட்டார் நாட்டில் வேலை. பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியாக இருந்தார். நாங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவர் எங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"எத்தின மாசம் புள்ள? மறுகா, தலைச்சன்தானே?"

மறுகா என்றால் பிறகு. அந்த ஊரில் கேள்விகளுக்கு இடையில் மூச்சு விடுகிற இடம் அது. மறுகா, தம்பிக்கு எந்த ஊர்? மறுகா, அப்பா என்ன வேலை? விரும்பிக் கட்டினதா, பேசிக் கட்டினதா? குடிப்பாரா? சிகரெட்? என்ன சாப்பாடு ஒத்துக்கொள்ளாது? குறட்டை விடுவாரா? ஆம்பிளை இல்லாத வீட்டில் ஒரு குடும்பத்தை வைப்பதென்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார். என் கணவரின் முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் தும்மல்களுக்கு நடுவே உண்மையையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடு சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்தோம். அக்காவுக்கு மனம் நொந்துவிட்டது. "நீங்களும் நல்ல இடம் பாருங்க" என்று மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

"கல்யாணம் பேச வந்தப்ப உங்க அம்மாகூட என்னை இவ்வளவு விசாரிக்கலை" என்று ஒழுங்கையில் நடக்கும்போது கணவர் சொன்னார். நான் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வாகனச் சத்தம் கேட்டது. முன்னாலும் கேட்டது, பின்னாலும் கேட்டது. சுற்றிவளைப்பு.

சிப்பாய்கள் எல்லோரையும் அருகிலிருந்த பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகச் சொன்னார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வேப்பமர நிழலில் இருத்தினார்கள். ஆண்கள் வெயிலில் வரிசையாக நின்று, ஒவ்வொருவராக எந்த வீடு என்று சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களுக்கு அது பழகிப்போன விஷயம். மரத்தடியில் ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவரின் முறை வந்தது. அடையாள அட்டையில் பதுளை விலாசம். கச்சேரி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. எந்த வீடு என்று கேட்டார்கள். வீடு இல்லை, வீடு பார்க்க வந்தேன் என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் அவரை உற்றுப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னான். பாலத்தடியில் நின்ற அதே சிப்பாய்.

அதிகாரி கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பாலம் மூடுகிற நேரத்தைக் கேட்டாயாமே, ஏன்? யார் கேட்கச் சொன்னது? கணவர் நல்ல சிங்களத்தில் விளக்கம் சொன்னார். அந்த நல்ல சிங்களமே அவர்களுடைய சந்தேகத்தைக் கூட்டியது போலிருந்தது. அவரைத் தனியாக மதில் ஓரம் இருத்தினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை ஏற்றிப் போக ஒரு ட்ரக் வண்டி நின்றது.

எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. எழும்ப முடியவில்லை. அப்படி ஏற்றிப் போய்த் திரும்பி வராதவர்களைப் பற்றிப் பதுளையில் இருந்தபோதே கேள்விப்பட்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை ஒரு தரம் உதைத்தது. அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும்? யாரிடம் போய்ச் சொல்வேன்?

அப்போது மரத்தடியில் எனக்குப் பின்னால் இருந்து ஒருவர் எழுந்து, சேலையை உதறிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார். தையல்கார அக்கா.

"ஐயா, அது என்ட வீட்டில வாடகைக்கு இருக்கிற தம்பி" என்றார். தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் அதிகாரிக்கு மொழிபெயர்த்தான்.

எப்போதிருந்து என்று அதிகாரி கேட்டார்.

"இண்டையிலிருந்து. சாமான் பின்னேரம் வரும்."

வீடு இல்லை என்றானே?

"வாயில்லாத மனிசன் ஐயா. அந்தா, அவர்ர பொஞ்சாதி, அஞ்சு மாசம். பயந்திட்டார்."

அதிகாரி நம்பவில்லை. இவனைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அவ்வளவுதான், அக்கா தொடங்கிவிட்டார். தம்பி பதுளை. தகப்பன் ரயில்வேயில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். மூத்த அண்ணன் பண்டாரவளையில் கடை வைத்திருக்கிறார். கச்சேரியில் கிளார்க். பேசிக் கட்டின கல்யாணம். குடிக்கிறல்ல. சிகரெட்டைக் கல்யாணத்தோடு விட்டிட்டார். இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும். பொஞ்சாதிக்குக் காலையில் வயித்தைப் பிரட்டும், பேக்கரியில் வாங்கிய பழைய பாண் துண்டு கொடுத்தால் நிற்கும். "மறுகா, குறட்டை விடுவார் ஐயா. ஆனா பலமா இல்ல."

அக்கா பத்து வசனம் சொன்னால் மொழிபெயர்த்த சிப்பாய் இரண்டு வசனம்தான் சொன்னான். குறட்டையை மட்டும் விடாமல் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியின் முகமும் இளகியது. பிறகு என்னைக் கூப்பிட்டு, அக்காவைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பதிலுக்கு முன்னால் தும்மல்தான் வந்தது. மிளகாய் மில் என்றேன்.

"இவ்வளவு தெரிகிறதென்றால் சொந்தக்காரர்களாகத்தான் இருக்கும்" என்று அதிகாரி பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் சொன்னார். என் கணவரை எழுந்து போகச் சொன்னார். இரண்டொரு நாளில் பொலிசில் பதிய வேண்டும், ஆட்கள் வந்து வீட்டைப் பார்ப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அக்காவின் வீட்டுக்கு நடந்தோம். அவர் நேராக மெஷினில் போய் அமர்ந்தார். நூலை ஊசிக்குள் விட முயன்றார். முடியவில்லை. நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். எனக்கும் இரண்டு தரம் தவறியது. எப்படியோ நூல் போய்விட்டது.

"நான் பொய் சொல்லிப் போட்டன் புள்ள" என்றார் அக்கா. "அவங்க வந்து பாக்கிறதுக்குள்ள அதை உண்மையாக்கிறது உங்கட வேலை. கிறுகித் திரும்பிப் போய்ச் சாமானை எடுத்துக்கொண்டு வாங்க."

அன்று பின்னேரமே, பாலம் மூடுவதற்கு முன், இரண்டு சூட்கேசும் அடுப்பும் மிச்ச உருளைக்கிழங்கும் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒழுங்கையில் இருந்தவர்கள் பாய், குடம், விளக்கு என்று கொண்டுவந்து வைத்தார்கள். அத்தனை பேருக்கும் என் கணவர் குறட்டை விடுவது தெரிந்திருந்தது. அக்கா கொக்கட்டிச்சோலையில் தன் தாய்வீட்டு வயலில் விளைந்த அரிசியில் சோறாக்கி, மீன் குழம்பு வைத்தார். இறால் போடவில்லை.

வந்து பார்ப்போம் என்றவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்கள். வந்த சிப்பாய் படலையடியில் மூன்று தரம் தும்மிவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனான். குடிவந்த மூன்றாம் மாதத்தில் எனக்குத் தும்மல் நின்றுவிட்டது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே அக்கா நகரப் பக்கத்தில் தன் உறவுக்காரர் வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார். கணவரைப் பயமுறுத்திய அந்தப் பாலத்தை மகள் வெள்ளைத் துணியில் சுற்றப்பட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில், நித்திரையிலேயே கடந்தாள். ஆறு வருடம் அந்த வீட்டில் இருந்தோம்.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்காக ஏன் எழும்பினீர்கள்? அவர் தைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, இவங்களைத் தெரியாது எண்டு இருந்தா, அதுதானே புள்ள பெரிய பொய்?"

அவர் அதை வேடிக்கையாகவே சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் இப்போது எங்களுக்கும் ஒரு வீடும் வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கும்போது அந்தக் காலையை வேறு மாதிரி நினைத்துப் பார்க்கிறேன். தகப்பன் கடல் கடந்து இருக்க, தன் இரண்டு பிள்ளைகளையும் மரத்தடியில் விட்டுவிட்டுத்தான் அவர் அந்த வெயிலுக்குள் நடந்தார். பொய் பிடிபட்டிருந்தால் அந்த வண்டியில் அவருக்கும் இடம் இருந்திருக்கும். ஒரு மணி நேரம் மட்டுமே பழகிய மனிதர்களுக்காக நானும் அப்படி எழுந்து நிற்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். நிற்பேன் என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒருத்தியாக ஆக வேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை என் ஆசை.