டேப்பின் மறுமுனை

எங்கள் தெருவில் அவருக்கு ஒண்டி அண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, கூப்பிட ஆளில்லாமல் அது எங்கேயோ கிடக்கிறது. பஸ் பணிமனையில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவர். இரண்டு பேர் தூக்கும் கதவை முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி, வயிற்றால் தாங்கி ஒரே ஆளாய் மாட்டிவிடுவார். அங்கே ஒட்டிக்கொண்ட பட்டம்தான் ஒண்டி. அதில் அவருக்குப் பெருமை வேறு. எதிரே டயர்க் கடை வைத்திருக்கும் எனக்கு அவரைப் பார்த்தால் பாதி மரியாதை, பாதி எரிச்சல்.

அவர் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட கதையைச் சொன்னால் போதும், ஆளைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. “வெளியூர்ல வேலை, மூணு நாளாகும்” என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போய், தானே கையெழுத்துப் போட்டுப் படுத்து, தையலோடு தானே பஸ் ஏறி வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரிப் படிவத்தில் துணைக்கு வந்திருப்பவர் யார் என்ற கட்டத்தில் தன் பெயரையே எழுதிக் கொடுத்தாராம்! சட்டைப் பையில் கிடந்த மருந்துச் சீட்டைப் பார்த்துத்தான் அண்ணிக்கு விஷயம் தெரிந்தது. அவங்க சண்டை போடவில்லை. “அப்ப உங்களுக்கு நான் எதுக்கு?” என்று மட்டும் கேட்டாங்க. இவருக்கு அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்றே தோன்றவில்லையாம். அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போன அண்ணி நாலு வருஷமாகியும் திரும்பவில்லை.

ஒரு நாள் அவர் என் கடையில் நின்றுகொண்டிருந்தபோது அண்ணியிடமிருந்து போன் வந்தது. காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“பிக்கப் வண்டி ஓடுதா?”

“ஓடுது.”

“இங்க பக்கத்துல ஒரு இடம் கிடைச்சிருக்கு. திரும்பச் செடி விக்கலாம்னு இருக்கேன். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

“வா.”

ஓடுதாம்! கொல்லையில் நாலு வருஷமாக மழையில் நின்ற வண்டி. நான் அவரைப் பார்த்தேன், அவர் என் டயர்களைப் பார்த்தார்.

அந்த வண்டியில்தான் அண்ணி பதினோரு வருஷம் செடி விற்றாங்க. வண்டியின் பின்தொட்டி நிறைய நாற்று ஏற்றி, அதன் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்து, தெருத் தெருவாகத் தானே ஓட்டிப் போவாங்க. அந்தத் தண்ணீரும் உரமும் தொட்டி வழியாகச் சொட்டிச் சொட்டி அடியில் வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸியைத் தின்றுவிட்டது. தண்ணீர் வாளி இருந்த இடது பின் மூலைதான் ரொம்ப மோசம்.

தொட்டியைச் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் மாட்டி அவர் ஒண்டியாகவே தூக்கினார். அப்புறம் சேஸியின் இரண்டு நீளச் சட்டங்களையும் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் டங் டங் என்றது. பின்னால் போகப் போகத் தொப்பென்று விழுந்தது. ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், பிடி வரை உள்ளே போய்விட்டது.

“அண்ணே, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற வேலையப் பாருங்க.”

“அவ ஏறி ஓட்டுற வண்டி தம்பி” என்றார்.

வேலை ஆரம்பித்த இரண்டாவது வாரம் பரணிலிருந்து ஒரு நாற்காலி இறங்கியது. கால் ஆடிக்கொண்டிருந்ததை ஒட்டி, கயிறு சுற்றிக் காய வைத்திருந்தார். நாலு வருஷமாக அந்த வீட்டில் ஒரு நாற்காலிதான், கழுவிக் கவிழ்த்திருப்பதும் ஒரு தட்டுதான். நாற்காலியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. வண்டி சாக்கு. வந்தவள் நாலு நாள் இருக்க மாட்டாளா, அப்படியே தங்கிவிட மாட்டாளா என்பதுதான் மனுஷனுக்குள்ளே ஓடியது. வாயைத் திறந்து சொல்வாரா? சொல்லிவிட்டால் அவர் ஒண்டி அண்ணன் இல்லையே.

துருப்பிடித்த இடத்தை அறுத்தெடுத்துவிட்டுப் புது இரும்பை வைத்தார். இந்த வேலையில் ஒரு சங்கதி இருக்கிறது. இரண்டு சட்டமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை அளக்க வேண்டும். இடது சட்டத்தின் முன் துளையிலிருந்து வலது சட்டத்தின் பின் துளை, வலது முன் துளையிலிருந்து இடது பின் துளை. இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சரி. நீளமோ மூன்றரை மீட்டர். அளவு டேப்பின் மறுமுனையை ஒரு ஆள் பிடித்தே ஆக வேண்டும்.

“நான் பிடிக்கறேண்ணே” என்றேன்.

“வேணாம், நான் பாத்துக்கறேன்.”

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில். போய்யா என்று கடைக்கு வந்துவிட்டேன். அவர் பழைய ஸ்பீக்கரிலிருந்து ஒரு காந்தத்தைப் பெயர்த்து டேப் முனையில் ஒட்டி அளந்திருக்கிறார். காந்தம் துளைக்குப் பக்கத்தில் இருந்த கனத்த புதுத் தகட்டின் மேல் ஒரு விரற்கடை நகர்ந்து போய் ஒட்டிக்கொண்டது. அது அவருக்குத் தெரியவில்லை. அளவு ஒத்துப்போனது என்று முழுசாகப் பற்றவைத்துவிட்டார்.

அண்ணி வர இரண்டு நாள் இருக்கும்போது வண்டியைத் தெருவில் ஓட்டினார். தெருமுனையில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டியதும் ரோட்டில் ஈரத்தடம் விழுந்தது. இரண்டு கோடு விழ வேண்டிய இடத்தில் நாலு கோடு. முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் ஒரு பக்கம், நண்டு மாதிரி கோணிக்கொண்டு போனது வண்டி. அவர் இறங்கி வந்து அந்த நாலு கோடும் காயும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் நான் கடையை விட்டு இறங்கவில்லை. கோபம்.

திரும்ப அறுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி கொல்லைக்குள் வந்தபோது, வண்டி இடது பின் சக்கரம் இல்லாமல் முட்டுக்கட்டை மேல் நின்றது. நான் அந்தச் சக்கரத்தைத்தான் உருட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

“ஓடுதுன்னீங்க?”

அவர் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, “ஓடும்” என்றார்.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, கொல்லையில் போட்டிருந்த அந்த ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தாங்க. மடியில் ஒரு பெரிய பை. வண்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்புகிறவர் கொண்டுவருகிற பை இல்லை அது. ஜிப் மூடாமல் துணி பிதுங்கிக்கொண்டிருந்தது.

அவர் தகட்டை அங்கங்கே புள்ளி வைத்துப் பற்றவைத்தார். டேப்பை எடுத்தார். காந்தத்தைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தார், கீழே வைத்தார்.

“இந்தா, இந்த முனையக் கொஞ்சம் பிடி.”

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் முதல் முறை என்று அண்ணியின் முகமே சொன்னது. பையைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து பிடித்தாங்க.

“துளைக்கு நடுவுல.”

“நடுவுலதான்.”

“மூவாயிரத்து நானூத்திப் பன்னண்டு மில்லி.”

அடுத்த மூலை. ஆறு மில்லி வித்தியாசம். அவர் சுத்தியால் தட்டினார், அண்ணி பிடித்தாங்க. திரும்பத் தட்டினார். மூன்று மில்லி. “அசையாதே” என்றார். “நான் அசையல, நீங்கதான் அசையறீங்க” என்றாங்க. கடைசியில் அந்தப் பக்கமும் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வந்தது.

அளந்தாகிவிட்டது. அண்ணி முனையை விடவில்லை. அந்தக் கோடியில் நின்றபடியே, “வேற ஏதாவது பிடிக்கணுமா?” என்று கேட்டாங்க.

அவர் பற்றவைக்கும் கம்பியைத் தேடிக்கொண்டே சொன்னார்: “இல்ல, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

என் கையிலிருந்த வீல் ஸ்பானரை அவர் தலையில் போட்டுவிடலாம் போல இருந்தது. அண்ணி டேப்பை விட்டாங்க. அது சரசரவென்று ஓடி அவர் கைக்குள் சுருண்டுகொண்டது.

மத்ததை அவர்தான் பார்த்துக்கொண்டார். பற்றவைத்தார், பெயின்ட் அடித்தார், தொட்டியைச் செயினில் இறக்கி ஒண்டியாகப் போல்ட் போட்டார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாங்க. சாயங்காலம் சாவியைக் கொடுத்து, பையையும் அவரே தூக்கி முன் சீட்டில் வைத்தார்.

“கனமா இருக்கே” என்றார்.

“ஆமா” என்றாங்க அண்ணி. வண்டியைக் கிளப்பினாங்க.

தெருமுனைத் தண்ணீரைத் தாண்டி வண்டி திரும்பியது. நான் அதுவரை பின்னாலேயே போனேன். அவர் வரவில்லை, கேட்டிலேயே நின்று, “தம்பி, எத்தனை கோடு?” என்று கத்தினார்.

“ரெண்டுதான்!”

“அப்ப சரி.”

நான் பக்கத்தில் வந்து, “அண்ணே, அவங்க கேட்டது டேப்பப் பத்தி இல்ல” என்றேன்.

கேட்டைச் சாத்திக்கொண்டே, “தெரியும் தம்பி” என்றார். “கேக்கும்போதே தெரிஞ்சுது. வாய் அதுபாட்டுக்குப் பழக்கத்துல சொல்லிடுச்சு.”

கண் கலங்கியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. “போன் போட்டுத் தரேன், இப்பவே சொல்லுங்க. பாதி வழியிலயே திரும்பிடுவாங்க.”

“வேணாம்” என்றார். “நானே பேசிக்கறேன்.”

இது நடந்து ஐந்து மாதமாகிறது. கொல்லையில் இரண்டு நாற்காலியும் எதிரெதிரே கிடக்கின்றன. அவர் இன்னும் அண்ணியிடம் பேசவில்லை.