சிரட்டையில் வாய் வைத்த பின்னேரம்

போன கிழமை பல் பிடுங்கப் போயிருந்தேன். ஊசி போட்டதும் நாக்கு மரத்து, வாய்க்குள் பழைய செருப்பொன்று கிடப்பதுபோல் இருந்தது. வாயைத் தவிர வேறு சொத்தில்லாதவனுக்கு அது பெரிய நட்டம். ஆனால் அந்த மரப்பு எனக்குப் புதிதில்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பிரெஞ்சு பேசும் இந்த ஊரின் லாசால் பகுதியில் ஒரு மாடிவீட்டுப் பாயில் சப்பாணி கட்டி இருந்தபோதும் இதே நாக்கு இப்படித்தான் மரத்தது.

அப்போது டோர்வல் விமானநிலையச் சமையலறையில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலை எனக்கு. படிப்பு எட்டாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடிப் போகவில்லை. பக்கத்தில் நின்று பாண் அடுக்கியவன் கோவிந்தன், பிஜித் தீவுக்காரன். கரும்பு வெட்ட வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிப்போன தமிழரின் பரம்பரை. அவனுடைய தமிழ், பெட்டியில் பூட்டிவைத்த பட்டுச்சேலை மாதிரி. மடிப்பில் கிழிந்திருக்கும், நிறம் போயிராது.

அவனுக்கு மெரேயில் விருப்பம். அவள் பிஜியின் ஆதிக்குடிப் பெண். வளர்த்த மாமா இலைசா சம்மதித்தால்தான் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள். பெண் கேட்கக் கூட்டிப்போக அவனுக்கு இந்த ஊரில் சொந்தம் ஒருவருமில்லை.

"அண்ணே, நீதான் எனக்கு அண்ணன். வா."

"நான் வந்தா உள்ளதும் கெட்டிடுமடா."

"பேசாம உக்காந்து குடிச்சாப் போதும். யாரையும் சிரிக்க வைக்காதே."

மெத்ரோ ரயிலால் இறங்கி பஸ் ஏறியதும் மெல்லச் சொன்னான். பிஜியில் நிலம் மெரேயின் ஆட்களுடையது. கரும்பு போட்டது இவனுடைய ஆட்கள். குத்தகை முடிந்தபோது நிலக்காரர் புதுப்பிக்கவில்லை. அப்பா தன் வீட்டுக் கூரையைத் தானே கழற்றி லொறியில் ஏற்றினாராம். "இப்ப அவங்க பொண்ணைக் கேக்கப் போறேன்," என்றான்.

இலைசாவுக்குக் கதவை அடைக்கிற உடம்பு. பாயின் நடுவில் மரத்தொட்டி. அதில் ஒரு வேரை இடித்துக் கரைத்த சேற்று நிறத் தண்ணீர். நங்கோனா என்பார்கள். நனைந்த சாக்கும் மிளகும் கலந்த மணம். கோவிந்தன் கொண்டுவந்த வேர்க்கட்டை அவர் முன்னால் வைத்தான். அதை அவர் தொட்டால் சம்மதம். அவர் தொடவில்லை. முதலில் குடிப்போம் என்றார்.

எல்லாருக்கும் ஒரே சிரட்டை. மாப்பிள்ளையின் அண்ணன் என்று எனக்குத்தான் முதலில் வந்தது. சொல்லித்தந்தபடி ஒருதரம் கைதட்டி வாங்கினேன். அதுவரை சரி. பொதுச் செம்பில் வாய் வைக்காதே என்று அம்மா அடித்துப் பழக்கிய கை, தானாக மேலே போய்விட்டது. அண்ணாந்து ஊற்றினேன். பாதி வாயில், பாதி சேட்டில்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த மெரே கண்ணை மூடிக்கொண்டாள்.

இலைசா இங்கிலிஷில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "சின்ன வயசில உங்கட ஆக்களின்ர வீடுகளில தண்ணி கேட்டா, கோப்பை தரமாட்டினம். மேலயிருந்து கையில ஊத்துவினம்."

கோவிந்தன் என்னைப் பார்க்கவேயில்லை. இது எங்களூரில் மரியாதை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்த வேர்த்தண்ணீரில் மரத்த நாக்கு எழும்பவில்லை. எழும்பியிருந்தாலும் அது முழு உண்மையில்லை. எங்களூரிலும் சிலருக்குக் கையில்தான் ஊற்றினார்கள். பார்த்திருக்கிறேன்.

சிரட்டையை அவரிடம் நீட்டினேன். "யூ ட்ரிங்க். நோ வாஷ். மீ ட்ரிங்க்." எட்டாம் வகுப்பு இங்கிலிஷ் அவ்வளவுதான்.

அவர் சிரட்டையை வாங்கினார். தொட்டியில் கோலி, ஒரே மூச்சில் குடித்து, துடைக்காமல் மறுபடி நிரப்பித் தந்தார். அவர் வாய் பட்ட ஈர விளிம்பிலேயே வாயை வைத்து அடிவரை குடித்தேன். மூன்றுதரம் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை. சுவரோரம் ஹீற்றர் மட்டும் டக்கு டக்கென்றது.

இலைசா கையை நீட்டி வேர்க்கட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"இங்கிலிஷும் வராது, குடிக்கவும் தெரியாது. இவனா உன்ர அண்ணன்?"

"இவருதான்," என்றான் கோவிந்தன். "வேற ஆள் கிடைக்கல."

பிறகு வந்த வருசங்களில் இலைசா போய்ச்சேர்ந்துவிட்டார். கோவிந்தனும் மெரேயும் கல்யாணம் முடித்து வான்கூவர் பக்கம் போனார்கள். தொட்டியும் சிரட்டையும் அவர்களோடு போயின. டோர்வல் சமையலறையும் இப்போது இல்லை. இங்கே கொண்டாட்டம் என்றால் ஆளுக்கொரு கடதாசிக் கோப்பை, மாறிவிடாமல் பெயர் வேறு எழுதித் தருகிறார்கள்.

பல் வைத்தியரிடத்திலும் ஒன்று தந்தார்கள். மரத்த வாயை விளிம்பில் நன்றாகப் பதித்துத்தான் குடித்தேன். அப்படியும் பாதி சேட்டில். "மெர்சி, மெஸ்யூ," என்று நன்றி சொல்லிச் சிரித்த உதவிப்பிள்ளை, கோப்பையை வாங்கிக் குப்பையில் போட்டாள்.